உப்புக்காற்றில் ஒரு பழைய கார்: மாருதியா, சன்னியா, லீசிங்கா?

அக்காவுக்குக் குச்சவெளிப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. வீடு திருகோணமலையை ஒட்டிய உப்புவெளி. போக 30 கிலோமீற்றர், வர 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சக் காலம் ஸ்கூட்டியில் போய் வந்தா. ஐப்பசி கழிந்து வாடைக்காற்று தொடங்கி, இறக்கக்கண்டிப் பாலத்தில் ஒருநாள் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளிய பிறகு, "இனி ஒரு காரைப் பாரடா" என்றா.

கையில் 25 லட்சம் ரூபா. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு இந்தத் தொகையைச் சொன்னால் புதுக் கார் வாங்கப் போகிறோம் என்று நினைப்பார்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி வந்தது. வந்ததும் வரியோடு வந்தது. ஆகவே எங்கள் ஊரில் 25 லட்சம் என்பது பழைய கார் வாங்கித் திருத்தி ஓடுகிற காசுதான்.

நான் மெக்கானிக் இல்லை. பழைய கார் வைத்திருந்த பாவத்துக்குக் கராஜ் வாசலில் வாங்குபோட்டு உட்கார்ந்த அனுபவம் மட்டும் நிறைய உண்டு. அந்தத் தகுதியில் அக்காவுக்காக மூன்று வழிகளைப் பார்த்தேன். ஒன்று, மாருதி 800 வாங்கிச் சின்னத் திருத்தம் செய்து ஓடுவது. இரண்டு, 90களில் வந்த ஜப்பான் கார் ஒன்று, நிசான் சன்னியோ மிற்சுபிசி லான்சரோ, வாங்கிப் பெரிய திருத்தம் செய்வது. மூன்று, இருக்கிற காசை முற்பணமாகக் கட்டி பெற்றோலோடு பட்டறியிலும் ஓடும் ஒரு சின்ன ஹைபிரிட்டை, மிச்சத்தை மாதத் தவணையாகக் கட்டும் லீசிங்கில் எடுப்பது.

சன்னி என்றதும் அம்மா தலையில் கைவைத்தா. "ஏழரைச் சனியைக் காசு குடுத்து வாங்கப் போறீங்களா?"

முதலில் மாருதியைப் பார்ப்போம். 1983இல் இந்தியாவில் செய்யத் தொடங்கி 2014 ஜனவரியில் நிறுத்திய கார். 796 சிசி, மூன்று சிலிண்டர், 40 குதிரை வலுவுக்கும் குறைவு. திருகோணமலையில் எந்தச் சந்தியில் நின்று கையைக் காட்டினாலும் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் வருவார். சாமான் கடையில் கேட்டால் பின்னால் போய்த் தேட மாட்டார்கள், மேசைக்குக் கீழே இருந்தே எடுத்துத் தருவார்கள். தினசரி ஓட்டத்துக்கு இது சின்ன விசயம் இல்லை. திங்கட்கிழமை காலை கார் படுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டுமே.

ஆனால் நிலாவெளி றோட்டில் பக்கத்தால் ஒரு டிப்பர் உரசிக்கொண்டு போனால் மாருதி ஒருமுறை ஆடிவிட்டுத்தான் நேராகும். ஏசி போட்டால் எஞ்சின் பெருமூச்சு விடும். பாதுகாப்பு என்று பார்த்தால், இதன் தம்பியான ஆல்டோ 800ஐ 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. மாருதி 800 அதற்கும் முந்திய வடிவமைப்பு. 90களின் சன்னியும் காற்றுப்பை இல்லாத காலத்துக் கார்தான். அதில் பெரிய வீம்பு பேச ஒன்றும் இல்லை. முன்னால் கொஞ்சம் கூடுதலாகத் தகடு இருக்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் பார்த்த முதல் மாருதி கடற்கரையை ஒட்டிய ஒரு வளவில், பூவரச மரத்துக்குக் கீழே நின்றது. சிவப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது, புகையும் இல்லை. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்த நானா சீனக்குடாப் பக்கத்தில் முப்பது வருடமாக டிங்கரிங், அதாவது காரின் தகட்டு வேலை, செய்கிறவர். அவர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜக்கை எடுத்துப் பக்கச் சட்டத்துக்குக் கீழே வைத்துச் சுழற்றினார். ஜக் ஏறியது. கார் ஏறவில்லை. "நொறுக்" என்று ஒரு சத்தம், அப்பளம் உடைகிற மாதிரி. ஜக்கின் தலை தகட்டுக்குள் நாலு விரல் அளவு போய்விட்டது.

விற்க வந்தவர், "அது சின்ன வெல்டிங் வேலை தம்பி" என்றார். நானா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "எஞ்சின் செத்தா வேற எஞ்சின் இருக்கு. பொடி, இந்த உடம்பு, செத்தா வேற கார்தான் இருக்கு."

மாருதியோ சன்னியோ, நம் ஊரில் பழைய கார் பார்க்கிறவருக்கு நான் சொல்வதும் இதுதான். எஞ்சினை இங்கே இறக்கி ஏற்றலாம். கியர்ப்பெட்டி, கிளச், ரேடியேற்றர், ஷொக் எல்லாம் கழற்றிப் பூட்டுகிற சாமான். பழைய சாமான் விற்கிற கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடிய இங்கே இறக்கலாம். கறள் தின்ற தளத்தை எந்த பஸ்ஸிலும் அனுப்ப மாட்டார்கள். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊர் இது. காற்றில் வருகிற உப்பு தகட்டின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், இரவில் ஈரத்தை இழுக்கும், பகலில் காயும், மறுபடி இழுக்கும். மேலே பெயின்ட் புதிதாக இருந்தாலும் உள்ளே பொடி பொடியாகிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே பார்க்கப் போகும்போது மூன்று சாமான் கொண்டுபோங்கள்: ஒரு சின்னக் காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு டோர்ச். காந்தத்தைப் பெயின்ட் கீறாதபடி ஒரு துண்டுத் துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பு, சில்லுக்கு மேலான வளைவு, பின் டிக்கியின் மூலை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பிறகு காலடி விரிப்பைத் தூக்குங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் தூக்குங்கள். ஈரமணம் வந்தால் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு "டங்" என்னும், கெட்ட தகடு "தொப்" என்னும். முன் பொனட்டைத் திறந்து ஷொக் வந்து பூட்டுகிற இரண்டு கோபுரங்களையும், பட்டறிக்குக் கீழே உள்ள தட்டையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பட்டறித் திராவகம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்று தின்னும் இடம் அது.

சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தும் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரு முழம் இழுத்துவிட்டு விடுவார்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால், அல்லது இருக்கைக்குக் கீழே உள்ள தண்டவாளம் செங்கறள் பிடித்திருந்தால், அந்தக் கார் ஏதோ ஒரு மழைக்கு வெள்ளத்தில் நின்றது. அதன் வயரிங்கோடு நீங்கள் சீவியம் நடத்த முடியாது. சும்மா கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், கடற்கரை ஊர்க் காரைவிடக் கடலுக்குத் தூரமான ஊர்க் கார் மேல். குருநாகல், மாத்தளை, கண்டிப் பக்கத்துக் கார் என்றால் அடிப்பகுதி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். மலைப்பக்கம் ஓடிய காருக்குக் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். தேய்ந்திருக்கட்டும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், வந்து மாற்றலாம்.

இப்போது சன்னி. நாங்கள் தேடியது எஃப்பி 13 என்று எல்லோரும் சொல்கிற, 1990இல் அறிமுகமான உடம்பு. ஜிஏ15 எஞ்சின், 1,497 சிசி. இதில் எனக்குப் பிடித்தது எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைப்பது டைமிங் பெல்ட் இல்லை, செயின் என்பது. பெல்ட் உள்ள பழைய காரை வாங்கினால் அது எப்போது மாற்றியது என்று விற்பவருக்கே தெரியாது. அவர் சொல்கிற கதையை நம்பாமல் வாங்கிய கிழமையே மாற்ற வேண்டும். செயின் அப்படித் திடீரென்று காலை வாரிவிடாது. தேய்ந்தால் காலையில் குளிர் எஞ்சினில் சலசலவென்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும். அதனால்தான் கார் பார்க்கப் போனால் முதலில் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள் என்கிறேன். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னரே ஒருவர் அந்தச் சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார். தேத்தண்ணி குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வருகிறோம் என்று சொல்லுங்கள்.

சன்னியின் தலையிடி, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றர். இலத்திரனியல் கட்டுப்பாட்டோடு வந்த அந்தக் காபரேற்றரை இங்கே பலர் கைவைத்துக் கைவைத்து, அரைவாசி வெக்கியூம் குழாய்களைக் கழற்றி முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். அப்படியானதைத் திரும்பச் சரிக்கட்டப் பொறுமையான மெக்கானிக் வேண்டும். புகைப் பரிசோதனைக்குப் போகும் நாளில்தான் அந்த முடிச்சுகளின் விலை தெரியும்.

லான்சரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நல்ல கார்தான். நாங்கள் தேடிய மாதத்தில் கறள் இல்லாத ஒன்று கண்ணில் படவில்லை.

லீசிங் வழியைச் சொல்ல ஒரு மச்சான் வந்தான். அவனுடைய வாதம் கணக்கோடு வந்தது, ஆகவே நானும் கணக்கோடு உட்கார்ந்தேன். மாதம் 22 பள்ளிநாள், 60 கிலோமீற்றர் வீதம் 1,320 கிலோமீற்றர். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். ஒழுங்காகத் திருத்திய சன்னி லீற்றருக்கு 11 ஓடினால் 120 லீற்றர், 36,000 ரூபா. மாருதி 15 ஓடினால் 88 லீற்றர், 26,400. டொயோட்டா அக்வா மாதிரி ஒரு ஹைபிரிட் 20 ஓடினால் 66 லீற்றர், 19,800. சன்னிக்கும் ஹைபிரிட்டுக்கும் மாதம் 16,200 ரூபா வித்தியாசம்.

"பாத்தியா, இந்தக் காசிலயே லீசிங் கட்டலாம்" என்றான் மச்சான். எந்த லீசிங் தவணை 16,200இல் முடிகிறது? அதோடு லீசிங் முடியும்வரை முழுக் காப்புறுதி கட்ட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பெரிய பட்டறி வேறு. அக்வாவில் 20 தொகுதி, பிரியஸில் 28 தொகுதி. அதில் ஒன்று சோர்ந்தாலும் முழுக் குடும்பமும் படுத்துவிடும். அதைக் குளிர வைக்கிற காற்றுத் துவாரம் பின்இருக்கைப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளின் பையும் தூசும் அதை அடைத்து, கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் வெயிலுக்குள் நிறுத்திவைத்தால், பட்டறியின் ஆயுள் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். ஹைபிரிட் கெட்ட வண்டி என்று சொல்லவில்லை. மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுகிறவர், கொழும்புக்கு அடிக்கடி போகிறவர் என்றால் கணக்கு வேறு. அக்காவின் ஓட்டத்துக்கு அது கடனை வாங்கிப் பெற்றோலை மிச்சம் பிடிக்கிற வேலை.

ஒருவர் மின்சாரக் காரான நிசான் லீஃப் பழையது இருக்கிறது, பெற்றோலே வேண்டாம் என்றார். முதல் தலைமுறை லீஃபின் பட்டறிக்குத் தனியான குளிரூட்டல் இல்லை. பட்டறி எவ்வளவு தேய்ந்தது என்று டாஷ்போர்டில் காட்டும் 12 கோட்டில் எத்தனை மிச்சம் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஆக மாருதியும் சன்னியும்தான் கடைசிச் சுற்றில் நின்றன. மாதம் 9,600 ரூபா பெற்றோல் வித்தியாசம் மாருதியின் பக்கம் கனமாக இருந்தது. நானும் மாருதி என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒரு இரவு சாப்பிடும்போது அக்கா சும்மா சொன்னா: நிலாவெளியில் இருந்து ஒரு ரீச்சரும், கும்புறுப்பிட்டியில் இருந்து இன்னொரு ரீச்சரும் அதே பள்ளிக்கு வருகிறார்கள், கார் எடுத்தால் பெற்றோலில் பங்கு தருவோம் என்றிருக்கிறார்கள் என்று. கணக்கே தலைகீழாகிவிட்டது. மூன்று பேர், மூன்று பை, கொப்பிக் கட்டுகள், ஏசி. மாருதிக்கு அது முதுகை முறிக்கிற வேலை. சன்னிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கார் வாங்க யோசிக்கிறவர் எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு முன் காரில் யார் யார் ஏறப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டேன்.

சன்னி மாத்தளையில் கிடைத்தது. பொனட் ஒரு நீலம், மற்ற உடம்பு வேறு நீலம். தளத்தை நானா ஓர் அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். காரின் பதிவுப் புத்தகத்தை நான் பார்த்தேன்: சேசிஸ் இலக்கம் தகட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, விற்பவரின் பெயர்தான் புத்தகத்திலும் இருக்கிறதா, ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. முன்னம் பார்த்த வேறொரு கார் நாலு கை மாறியும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரோடே நின்றது. கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களை நீட்டி "எல்லாம் ஓப்பன் பேப்பர்ல இருக்கு" என்றார் தரகர். விலை ஆசையைக் காட்டினாலும் அதைத் தொடவில்லை.

25 லட்சத்தையும் காருக்குள் போடக்கூடாது. நாங்கள் 18ஐக் காருக்கு, 5ஐத் திருத்தத்துக்கு, 2ஐ எதற்கும் தொடாமல் வைத்தோம். அந்த 2க்கு வேலை வந்தது மாத்தளையில் இருந்து வரும் வழியிலேயே. தம்புள்ளை, ஹபரணை எல்லாம் ஒழுங்காக வந்தது. ஹபரணை தாண்டி யானைக் காட்டுக்குள் நிற்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு வந்தோம். மரியாதை தெரிந்த கார், கந்தளாய் வரை பொறுத்து அங்கே ஊசி சிவப்புக்குப் போனது. ஆறவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தேர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள், ரேடியேற்றர் பாதிக்கு மேல் அடைப்பு, வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய பலன். எஞ்சின் சூடானால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் நாட்டு வைத்தியம். காய்ச்சல் வந்தவனின் தேர்மோமீற்றரை உடைப்பது போன்றது அது.

ஆகவே முதல் வேலை குளிர்த்தொகுதி. ரேடியேற்றரைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தமாக்கி, புது தேர்மோஸ்டாட், புது ரப்பர்க் குழாய்கள், கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட். இரண்டாவது பிரேக்: இரவில் நிலாவெளி றோட்டில் மாடுகள் படுத்திருக்கும், கதைக்க நேரம் இல்லை. மூன்றாவது ரயர். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 1815 என்றால் 2015ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. எங்கள் காரில் நான்கு ரயரிலும் பூ நன்றாக இருந்தது, நான்கும் கிழம். மாற்றினோம். பிறகு கிளச், ஸ்டியரிங் முனைகள், பந்து மூட்டுகள். காபரேற்றரில் வெக்கியூம் முடிச்சுகளை மெக்கானிக் ஒவ்வொன்றாக அவிழ்த்து இரண்டு நாள் மினக்கெட்டார். லைற் மங்குகிறது, ஹோர்ன் சில நேரம் ஊமையாகிறது என்ற தொல்லைகளுக்கு வயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னார் ஒருவர். மாற்றவில்லை. எர்த் வயர்கள் பூட்டியிருந்த இடங்களைச் சுரண்டிப் பூட்டியதும் பாதி தொல்லை போய்விட்டது.

பெயின்ட் அடிக்கவில்லை. அதற்குக் கேட்ட காசில் அடிப்பகுதியைப் பார்த்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை: கறளுக்கு மேலே தார் மாதிரிக் கறுப்புப் பூச்சை அடித்து "அண்டர்கோட் செய்தது" என்று கொடுப்பார்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துச் சாவியை எறிகிற வேலை அது. முதலில் சுரண்டி, கறளைத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காய வைத்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் கறுப்பு. கதவுகளுக்கு அடியில் உள்ள தண்ணீர் வடிகிற சின்னத் துவாரங்களைப் பூச்சு அடைத்துவிடாமல் ஈர்க்கால் குத்தித் திறந்துவிட வேண்டும். குச்சவெளி றோட்டில் ஓடுகிற காருக்குக் கிழமைக்கு ஒருமுறை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடிக்கவும் வேண்டும். மேலே மினுக்குவது பிறகு. சனிக்கிழமைகளில் அது என் வேலை. வாளியும் குழாயுமாக நான் காருக்குக் கீழே கிடப்பதைப் பார்த்து அம்மா, "சனிக்கிழமை சனிக்கு எண்ணெய் எரிக்கிறான்" என்கிறா.

இப்போது காலையில் மூன்று ரீச்சர்களும் ஒன்றாகப் போகிறார்கள். பெற்றோல் பங்கு போட்ட பிறகு அக்காவின் செலவு மாதம் 12,000தான். ஏசி இன்னும் திருத்தவில்லை, கொம்பிரசரின் கிளச் பிடிக்கவில்லை. அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம் என்றா. அதுவரை கண்ணாடி இறக்கித்தான், கும்புறுப்பிட்டி ரீச்சருக்கு முன்சீட்.